காணாமற்போன மகன்

பத்திரிகைத் தொழிலில் எனது பல ஆண்டுகள் போர்ச் செய்திகளோடு கழிந்தன. 'காணாமற்போனோர்' என்ற சொல்லை எத்தனை தடவை தலைப்பில் இட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அச்சொல்லை எழுதுந்தோறும் ஒரு தந்தை என் நினைவுக்கு வருவதுண்டு. அவரும் பத்திரிகையாளராகத் தொழிலை ஆரம்பித்தவரே. 1882 இல் லாகூரில் ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, 1907 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற ருட்யார்ட் கிப்ளிங் தான் அவர்.

1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டதும், இளைஞர்கள் படையில் சேரவேண்டுமெனக் கிப்ளிங் மேடைகளில் முழங்கினார். ஆனால் அவரது ஒரே மகன் ஜோனைக் கண்பார்வைக் குறைபாடு காரணமாகப் படை ஏற்க மறுத்தது. தந்தை தமது நண்பரும் முன்னாள் தளபதியுமான லோர்ட் ரொபர்ட்ஸை அணுகினார். ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் மகனுக்கு அதிகாரிப் பதவி கிடைத்தது.

1915 ஆகஸ்டில் ஜோன் பிரான்ஸ் சென்றார். செப்டெம்பர் 27 ஆம் திகதி லூஸ் சமரில் வீழ்ந்தார். 18 வயது நிறைந்து 41 நாட்களே ஆகியிருந்தன. வீட்டுக்கு வந்த தகவலோ, காயமடைந்து காணாமற்போனார் என்பதுதான். கிப்ளிங்கும் மனைவியும் உயிர்தப்பி வந்த வீரர்களைத் தேடித்தேடி விசாரித்தனர். உடல் கிடைக்கவில்லை.

1917 இல் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவில் கிப்ளிங் இணைந்தார். பெயர் தெரியாத வீரர்களின் கற்களில், அவர்களை இறைவன் அறிவார் என்னும் பொருள்படப் பொறிக்கப்படும் வாசகம் அவர் தந்ததே. மகனின் படைப்பிரிவு வரலாற்றையும் எழுதி 1923 இல் வெளியிட்டார். 1936 இல் அவர் மறைந்தபோதும் மகன் கிடந்த இடம் தெரியவில்லை. பெயரற்றிருந்த ஒரு கல்லறை ஜோனுடையது என ஆணைக்குழு அறிவித்தது 1992 இல் தான். அது சரிதானா என்ற வாதம் அதன்பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது.

கண்டியிலும் திருகோணமலையிலும் உள்ள இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளைப் பராமரிப்பதும் அதே ஆணைக்குழுவே. அங்குள்ள கற்களின் ஒழுங்கைக் கண்டு வியப்போர் பலர். அவ்வொழுங்கின் பின்னால், தாமே அனுப்பிவைத்த மகனைத் தேடிய ஒரு தந்தையும் நிற்கின்றார்.

புகழும் பணமும் செல்வாக்கும் படைத்த ஒருவருக்கே இருபது ஆண்டுகளாகக் கிடைக்காத விடை அது. இவையேதும் இல்லாதோரின் காத்திருப்பை நான் ஒற்றைச் சொல்லில் அடக்கித் தலைப்பிட்டு வந்திருக்கிறேன்.