சலேத் மாதாவும் அழுகிய கிழங்கும்

ஆகஸ்டு 14, 15 தேதிகளில் கொடைக்கானலில் சலேத் மாதா திருவிழா. மலைக் கிராமங்களிலிருந்து எல்லா மதத்தாரும் வருவார்கள். 1866-இல் பிரெஞ்சு இயேசு சபைக் குரு லூயிஸ் செயின்ட் சீர் எழுப்பிய கோயில் அது. மாதாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வாக்குமூலம் இருப்பது பலருக்குத் தெரியாது. 1846 செப்டம்பர் 19, சனிக்கிழமை பிற்பகல், பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் ஊருக்கு மேலே கூலிக்கு மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள் கண்டதாகச் சொன்னது. மெலானிக்கு வயது 14, மாக்சிமினுக்கு 11. மறுநாள் இரவே மெலானியின் எஜமான் பாப்திஸ்த் பிரா அதை எழுதிவைத்துவிட்டார். பிற்காலத்தில் மெலானி பெயரில் பரவிய இரகசியங்கள் வேறு சங்கதி. அவற்றை இங்கே தொடப்போவதில்லை. பிள்ளைகள் முதலில் சொன்னதை மட்டும் வரிசையாகப் பார்ப்போம்.

கல்லின் மேல் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்து ஒரு பெண் அழுதாள் என்பது தொடக்கம்.

ஆறுதல் சொல்ல வந்தவரே அழுகிறார். பெற்ற பிள்ளைகளிடம் அடிபட்டு மலைக்கு ஓடிவந்த யாரோ ஒரு தாய் என்றுதான் மாக்சிமின் நினைத்தானாம். உடுத்தியிருந்ததும் அந்த ஊர்க் குடியானவப் பெண்களின் உடையைப் போன்றதே. மார்பில் பாடுபட்ட சுரூபம். அதன் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. ஆணி அறைய ஒன்று, பிடுங்க ஒன்று என்று பிரசங்கங்களில் விளக்குவார்கள். நல்ல விளக்கம்தான். ஆனால், பேசி முடிக்கும்வரை அவர் கண்ணீர் நிற்கவே இல்லை என்று பிள்ளைகள் சொன்னது அதைவிடப் பெரிய சேதி. துன்பப்படுகிறவரைப் பார்த்து 'அழாதே' என்று சொல்லும் அவசரம் அவருக்கு இல்லை.

அடுத்து, மகனின் கை கனக்கிறது, இனித் தாங்க முடியவில்லை என்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் உழைக்கிறார்கள், வண்டிக்காரர்கள் என் மகன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்று குறைப்படுகிறார். ஊர் அம்மாக்கள் முறையிடும் தோரணை இது. இதில் அதிகம் துருவ ஒன்றுமில்லை.

கடினமான பகுதி இனிமேல்தான். உருளைக்கிழங்கு அழுகியது உங்களுக்கு ஒரு எச்சரிக்கை, கிறிஸ்துமஸுக்குள் கிழங்கே இருக்காது, கோதுமை கையில் தூளாகும், சிறு பிள்ளைகள் நடுங்கிச் சாவார்கள் என்கிறார்.

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் கிழங்கு போடுகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பனியும் சாரலும் விடாத வாரத்தில் இலை ஓரம் கருகும். தோண்டினால் கிழங்கு நாறும். அதே பின்கருகல் நோய்தான் 1845-இல் ஐரோப்பாவில் இறங்கியது. அயர்லாந்தில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் பஞ்சத்திலும் அதையொட்டிய நோய்களிலும் மாண்டார்கள். காரணம் ஒரு பூஞ்சை போன்ற நுண்ணுயிரி என்பது அன்று உறுதியாகவில்லை. அப்படியானால் பயிர் அழிவது பாவத்துக்குத் தண்டனையா? இந்த வரியை அப்படிப் படிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே மறுத்ததை லூக்கா பதிவு செய்திருக்கிறார். மனந்திரும்பச் சொல்லும் அழைப்பும் அதே இடத்தில்தான் வருகிறது. அழைப்பு எல்லோருக்கும் பொது. செத்தவர்மேல் பழி போட அதில் இடமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் மரங்களைச் சாய்த்துப்போட்டதே, அப்போது தோட்டம் இழந்தவரிடம் போய் இந்தப் பகுதியைத் தனியாக உருவி வாசித்துக்காட்டுவது கொடுமை.

உடனே எதிர்ப்பக்கம் திரும்புகிறது பேச்சு. மனம் மாறினால் கற்களும் பாறைகளும் கோதுமைக் குவியலாகும், கிழங்கு தானாகவே விதைத்துக் கிடக்கும். அறுவடைக்குப் பின் மண்ணில் தங்கி, தானாக முளைக்கும் கிழங்கைப் பிடுங்கிப் போடுங்கள், நோய் அதில்தான் ஒளிந்திருக்கும் என்று வேளாண்துறைக்காரர்கள் சொல்வதைக் கேட்டவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். பசித்தவருக்குத் தெரிந்த பொருளிலேயே நம்பிக்கையைச் சொல்கிறார். மறுமை பற்றிப் பேசாமல் தட்டில் விழும் சோற்றைப் பேசுகிறார்.

நன்றாகச் செபிக்கிறீர்களா என்று கேட்டதற்குச் சரியாக இல்லை என்று பிள்ளைகள் ஒப்புக்கொள்கிறார்கள். நேரமில்லாவிட்டால் ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமுமாவது சொல்லுங்கள் என்கிறார். நோயாளி வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்பவருக்கும் இந்த அளவு கட்டுப்படியாகும்.

கெட்டுப்போன கோதுமையைப் பார்த்ததுண்டா என்ற கேள்விதான், என் கணக்கில், முழு உரைக்கும் உயிர். இல்லை என்கிறான் மாக்சிமின். நீ பார்த்திருக்கிறாய் என்று நினைவூட்டுகிறார்: கொயின் என்ற இடத்தில் அப்பாவோடு ஒரு வயலுக்குப் போனாய், கதிரை உள்ளங்கையில் தேய்த்தபோது தூளானது, திரும்பும் வழியில் அப்பா ஒரு துண்டு ரொட்டி கொடுத்து, இன்றைக்குச் சாப்பிடு, அடுத்த வருஷம் யாருக்குக் கிடைக்குமோ என்றார். பையனுக்கே மறந்துபோன சம்பவம். அந்த அப்பா, ஜெர்மேன் ஜிரோ, வண்டி செய்யும் தச்சர். கோயில் பக்கம் போகாதவர், மதுக்கடையே கதி என்று இருந்தவர். மகன் சொன்னதை முதலில் நம்பவில்லை. ரொட்டி கொடுத்தபோது தான் புலம்பியதும் மேலே கேட்டிருக்கிறது என்று தெரிந்ததும் ஆள் மாறினார். மிரட்டலுக்கு அசையாத மனிதர் அதற்கு அசைந்தார்.

இதை என் மக்கள் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று இருமுறை சொல்லிவிட்டு அவர் மேட்டில் ஏறி மறைந்தார். 1851-இல் கிரனோபிள் ஆயர் காட்சியை ஏற்றார். இருபது ஆண்டுக்குள் சேதி கொடைக்கானல் மலைக்கு வந்துவிட்டது. மாக்சிமினுக்கு மட்டும் அதனால் வாழ்க்கை இலகுவாகவில்லை. குருமடம் நிலைக்கவில்லை, மருத்துவப் படிப்பு முடியவில்லை, சாராய வியாபாரம் கடனில் முடிந்தது. 1875-இல், 40 வயது நிறையாமல், சொந்த ஊரான கோர்ப்பில் ஏழையாக இறந்தார். கண்டதாகச் சொன்னதைக் கடைசிவரை மாற்றிச் சொல்லவில்லை.