சியெனா மாதாவும் ஒரு ரம்பமும்

1311 ஜூன் 9. இத்தாலியின் சியெனா நகரில் அன்று கடைகள் திறக்கவில்லை. ஓவியர் தூச்சோவின் பட்டறையிலிருந்து ஒரு பெரிய படம் பேராலயத்துக்குப் பவனியாகப் போனது. ஆயரும் குருக்களும் நகரை ஆண்ட ஒன்பதின்மரும் மெழுகுதிரி ஏந்திய மக்களும் உடன் நடக்க, மணிகள் ஓயாமல் அடித்தன.

‘மயெஸ்தா’ என்பது அந்தப் படத்தின் பெயர். 1308இல் போட்ட ஒப்பந்தம் கறாரானது: வேலை செய்யும் நாளுக்கு 16 சோல்தி கூலி, பொருள்செலவு பேராலயத்துடையது, தூச்சோ தன் கையாலேயே வரைய வேண்டும், முடியும்வரை வேறு வேலை எதுவும் எடுக்கக் கூடாது. பாப்லர் பலகையில் வெண்சுதை பூசி, தங்க ரேக்கு ஒட்டி, முட்டைக் கருவில் குழைத்த வண்ணத்தால் அவர் தீட்டினார். முன்பக்கத்தில் மடியில் குழந்தை இயேசுவோடு மாதா. சூழ வானதூதர்கள், புனிதர்கள். முன்வரிசையில் நகரின் பாதுகாவலர் நால்வர் முழந்தாளிட்டபடி. பின்பக்கம் முழுக்க இயேசுவின் பாடுகள், சிறுசிறு கட்டங்களாக. அடியில் இரு பக்கமும் ஒரு வரிசைச் சிறு படங்கள்.

1506இல் படத்தைப் பெரிய பீடத்திலிருந்து இறக்கினார்கள். அதோடு விட்டிருக்கலாம். 1771இல் அதை இரண்டு பீடங்களில் வைக்க விரும்பி, பலகையைத் துண்டுகளாக அறுத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாகப் பிளந்தார்கள். ரம்பம் மாதாவின் முகத்தையும் ஆடையையும் பதம்பார்த்தது. பகைவர் படை செய்த காரியமில்லை இது. எந்த ஊர் அந்த மாதாவைப் பவனியாக அழைத்துவந்ததோ அந்த ஊரே செய்தது. அதுதான் மனம் ஆறாதது.

பெரிய பலகைகள் 1878 முதல் சியெனா பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிறு படங்கள் பல விலைபோய், லண்டன், மாட்ரிட், நியூயார்க், வாஷிங்டன், டெக்சாசின் ஃபோர்ட் வொர்த் என்று சிதறின.

பின்பக்க அடிவரிசையில் எஞ்சிய எட்டுப் படங்களை 2024–25இல் நியூயார்க்கிலும் லண்டனிலும் நடந்த கண்காட்சியில் மறுபடி ஒன்றாக வைத்தார்கள். எதை இழந்தோம் என்பது அந்த வரிசையில்தான் தெரிகிறது. ஒரு படத்தில் பார்வையற்றவர் இருமுறை வருகிறார். முதலில் கோலூன்றி நிற்கிறார், இயேசுவின் விரல் அவர் கண்ணைத் தொடுகிறது. பிறகு வலது ஓரத்தில், நீர்த்தொட்டியருகே, கோலை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். எதை? அந்தப் படத்துக்குள் அவர் பார்க்க எதுவுமில்லை. அடுத்த படத்தில் இருக்கிறது: மலைமேல், பொற்கோடுகள் மின்னும் ஆடையோடு, உருமாறிய இயேசு. கிடைத்த பார்வை முதலில் போய்ச் சேருமிடம் அது.

அதற்கடுத்து இலாசர் கல்லறையிலிருந்து எழுகிறார். தூச்சோ முதலில் கிடைமட்டமான கல்பெட்டியாகத்தான் கல்லறையை வரைந்தார். பிறகு மாற்றி, பாறையில் நெட்டுக்குத்தான வாசலாக்கினார். பழைய கோடுகளின் தடம் இன்னும் தெரிகிறது. பார்வை, ஒளி, உயிர் என்று ஒரே மூச்சில் ஏறிப்போகும் கதை இது. கண்காட்சி முடிந்ததும் இந்த மூன்றில் முதல் இரண்டும் லண்டனில் தங்கின. இலாசர் டெக்சாசுக்குத் திரும்பிவிட்டார்.