பனிப்பலகைப் பூங்கா: விதிகள் பிறந்த கதை

பனி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். பஞ்சுபோல் விழுந்து, மலைச் சரிவுகளை மாதக் கணக்கில் மூடிக் கிடக்கும் வெண்பனியை நம்மில் பலர் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறோம். அந்த வெண்பனியின் மேல், ஒரே பலகையில் இரு கால்களையும் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி சறுக்கி இறங்கும் விளையாட்டுக்கு ‘ஸ்னோபோர்டு’ என்று பெயர். தமிழில் பனிப்பலகை எனலாம். இவ்விளையாட்டுக்கென்றே மலைச் சரிவில் பனியாலான தாவுமேடைகளும், சறுக்கிச் செல்ல இரும்புக் குழாய்களும் அமைத்த திடல்கள் உண்டு. அவற்றை ‘டெரெயின் பார்க்’ என்பர். நாம் சறுக்குப் பூங்கா என்று வைத்துக்கொள்வோம்.

இப்பூங்காவில் நுழையும் புதியவருக்குச் சில விதிகள் சொல்லித் தரப்படுகின்றன. ஒருவர் பின் ஒருவராகச் செல். புறப்படுமுன் குரல் கொடு. இறங்கிய இடத்தில் நிற்காதே. கேட்பதற்கு இவை வெறும் மரியாதை விதிகள் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் இயற்பியல் உண்மை இருக்கிறது. சிலவற்றின் பின்னால் முறிந்த எலும்புகளும் இருக்கின்றன. இவ்விதிகள் எங்ஙனம் பிறந்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கிறிஸ்துமஸ் நாளில் ஒரு பொம்மை

1965-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில் ஷெர்மன் பாப்பென் என்னும் பொறியாளர், தம் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை அருகருகே சேர்த்துப் பிணைத்தார். கடல் அலை மேல் பலகையில் நின்று செல்வது போல, பனி மேல் நின்று செல்ல ஒரு பலகை! ‘ஸ்னோ’ என்னும் பனியையும் ‘சர்ஃபர்’ என்னும் அலைச்சறுக்கு வீரரையும் சேர்த்து அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயரிட்டார் அவர் மனைவி. முன் முனையில் ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கால்களைப் பூட்டும் வசதி கிடையாது. விரைவிலேயே இது விளையாட்டுப் பொருளாகக் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

1970-களில் இந்தப் பொம்மை, கருவியாக மாறியது. வெர்மாண்ட் மாநிலத்தில் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் 1977-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார். கலிபோர்னியாவில் டாம் சிம்ஸ், யூட்டா மாநிலத்தில் டிமிட்ரிஜே மிலோவிச் ஆகியோரும் தத்தம் வழியில் பலகைகளைச் செய்து பார்த்தனர். கால்கள் பலகையோடு பூட்டப்பட்டன. பலகை மனிதனின் சொல்லைக் கேட்கத் தொடங்கியது.

மூடிய கதவுகள்

ஆனால் சறுக்கு மலைகளை நடத்தியவர்கள் இப்பலகையைத் தொடக்கத்தில் உள்ளே விடவில்லை. ஸ்கீ எனப்படும் இரட்டைக் கட்டைகளில் சறுக்குவோருக்கென்றே அம்மலைகள் இருந்தன. 1983-ல் வெர்மாண்டின் ஸ்ட்ராட்டன் மலை கதவைத் திறந்தது, பெரிய மலைகளில் ஒரு முன்னோடி நிகழ்ச்சி. பின்னர் ஒவ்வொன்றாகப் பிற மலைகளும் திறந்தன. இன்றும் அமெரிக்காவில் ஆல்ட்டா, டீர் வேலி, மேட் ரிவர் க்ளென் ஆகிய மூன்று இடங்களில் பனிப்பலகைக்கு அனுமதி இல்லை.

இந்த அச்சத்தில் தப்பெண்ணமும் இருந்தது, நியாயமும் இருந்தது. ஸ்கீ வீரர் முன்னோக்கி நிற்கிறார். இரு புறமும் பார்க்கிறார். பலகை வீரரோ பக்கவாட்டில் நிற்கிறார். அவருடைய முதுகுப் பக்கம் நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. மேலும், காலிலிருந்து கழன்ற ஸ்கீ கட்டையைப் பனியில் குத்தி நிறுத்தும் சிறு தடுப்பான் அதிலேயே உண்டு. பலகையில் அது இல்லை. கழற்றி வைத்த பலகை சரிவில் தானே புறப்பட்டால், கீழே நிற்பவர்மேல் மோதும் வரை நிற்காது. ‘பலகையைக் கழற்றினால் பூட்டுகள் பனியில் பதியுமாறு கவிழ்த்து வை’ என்னும் முதல் பாடம் இங்கிருந்து வந்தது.

சறுக்கு மலைகளுக்குப் பொதுவான விதிகள் அப்போதே இருந்தன. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-ல் பத்து விதிகளை வகுத்தது. அவற்றின் உயிர்நாடி இதுதான்: உனக்குக் கீழே, முன்னால் செல்பவருக்கே வழி உரிமை, மேலிருந்து வருபவரே விலகிச் செல்ல வேண்டும். காரணம் எளிது. மேலிருந்து வருபவருக்குக் கீழே இருப்பவர் தெரிவார். கீழே இருப்பவருக்கு முதுகில் கண் இல்லை.

இந்த விதியில் ஓர் அனுமானம் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? மேலே இருப்பவரால் கீழே பார்க்க முடியும் என்பதே அது.

பூங்கா பிறந்தது

1979-ல் கலிபோர்னியாவின் டாஹோ சிட்டி நகரில், குப்பை கொட்டும் இடத்தருகே இயற்கையாக அமைந்த ஒரு பள்ளத்தைப் பலகை வீரர்கள் சிலர் கண்டுபிடித்தனர். இரு புறமும் சுவர் போல் உயர்ந்த பனி. அதை மண்வெட்டியால் செதுக்கி, சுவருக்குச் சுவர் தாவி விளையாடினர். ‘அரைக்குழாய்’ எனப்படும் அமைப்புக்கு இது ஒரு முன்னோடி. 1990-களின் தொடக்கத்தில் இத்தகைய குழாய்களைச் செதுக்கவென்றே இயந்திரங்கள் வந்தன. மலை நிறுவனங்கள் தாவுமேடைகளும் குழாய்களும் நிறைந்த பூங்காக்களைத் தாமே கட்டத் தொடங்கின. 1998-ல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் அரைக்குழாய்ப் போட்டி இடம்பெற்றது. பூங்காவின் தாவுமேடைகளை வரிசையாகக் கடக்கும் ‘ஸ்லோப்ஸ்டைல்’ போட்டி 2014-ல் ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்கில் சேர்ந்தது.

சாதாரணத் தாவுமேடை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். முதலில் வேகம் சேர்க்கும் ஓடுவழி. அடுத்து மேல் நோக்கி வளைந்த விளிம்பு. அதற்கப்பால் மேசை போன்ற சமதளம். அதன் பின் கீழ் நோக்கிய இறங்குசரிவு. ஓடுவழியின் தலைப்பில் நிற்பவருக்கு மேசைக்கு அப்பால் உள்ள சரிவு தெரியாது. அங்கே ஒருவர் விழுந்து கிடந்தாலும் தெரியாது. 1967-ன் விதி நம்பியிருந்த அனுமானம் இங்கே உடைந்துவிட்டது. மேலிருந்து வருபவர் விலக வேண்டும். ஆனால் பார்க்க முடியாதவர் எப்படி விலகுவார்?

நம் கிராமங்களில் கிணற்றில் குதித்து நீந்தும் சிறுவர்களைப் பாருங்கள். முன்னால் குதித்தவன் தலை நீருக்கு மேல் வந்து, அவன் ஓரமாக ஒதுங்கிய பிறகே அடுத்தவன் குதிப்பான். யாரும் எழுதி வைக்காத சட்டம். பூங்காவிலும் அதே தேவை, அதே தீர்வைத் தந்தது.

விதிகளும் அவற்றின் காரணங்களும்

பூங்காவுக்குள் செல்லும் வழியில் செம்மஞ்சள் நிற நீள்வட்டப் பலகை நின்று எச்சரிக்கும். அமெரிக்க மலைகளில் கற்பிக்கப்படும் விதிகள் ஐந்து: சிறிதில் தொடங்கு, திட்டமிடு, எப்போதும் பார், மதித்து நட, நிதானமாகச் செய். இவற்றை நம் இயற்பியலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, சிறிதில் தொடங்கு. மேடைகளுக்கு ஆடைகளைப் போல எஸ், எம், எல் என்று அளவு குறித்திருப்பார்கள். சமதளத்தில் ஒரே கோணத்தில் எறியப்படும் பொருள் செல்லும் தூரம், வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் 10 விழுக்காடு கூடினால் தூரம் 21 விழுக்காடு கூடும். 10 மீட்டர் தாவ வேண்டியவர் 12 மீட்டருக்கு மேல் போய் விழுவார். சிறு மேடையில் இந்தத் தவறு ஒரு குட்டிக்கரணத்தோடு முடியும். பெரிய மேடையில் அப்படி முடியாது.

இரண்டாவது, திட்டமிடு. விளிம்பை விட்டு எழும்பிய கணத்தில் உங்கள் நிறை மையத்தின் பாதை முடிவாகிவிடுகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால் அது ஒரு பரவளையம். காற்றில் கையை வீசலாம், உடலை முறுக்கலாம், பாதையை மாற்ற முடியாது. எறிந்த கல் எறிந்ததுதான். ஆகவே முடிவுகள் எல்லாம் தரையில் இருக்கும்போதே எடுக்கப்பட வேண்டும். ஓடுவழி, விளிம்பு, வானில் செய்யும் வித்தை, இறங்குசரிவு என நான்கையும் தனித்தனியே எண்ணிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, எப்போதும் பார். முதல் முறை தாவாமல், மேடையின் ஓரமாக மெதுவாகச் சறுக்கி அதன் வடிவைப் பார்த்துவர வேண்டும். ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் முதுமொழி அல்லவா? நேற்றுப் பார்த்தது இன்றைக்குப் போதாது. இரவில் உறைந்து கெட்டியான பனி காலையில் வழுக்கும். நண்பகலில் இளகிய பனி பலகையை இழுத்துப் பிடிக்கும். உராய்வு மாறுவதால், ஒரே இடத்திலிருந்து புறப்பட்டாலும் விளிம்பில் வேகம் வேறாக இருக்கும்.

நான்காவது, மதித்து நட. வரிசையில் நின்று, ‘டிராப்பிங்’ என்று குரல் கொடுத்த பின்பே புறப்பட வேண்டும். வேகம் வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. என்று கொள்வோம். ஆபத்தைக் கண்டு உடல் செயல்பட முக்கால் வினாடி ஆகும் என்றால், அதற்குள் 7.5 மீட்டர் கடந்திருக்கும். ஆதலால் இறங்கியவர் உடனே ஓரமாக ஒதுங்க வேண்டும். ஒருவர் விழுந்து எழ முடியாமல் கிடந்தால், மற்றொருவர் மேடையின் மேல், வருவோர் கண்ணில் படுமாறு நின்று, கைகளைக் குறுக்காகப் பிடித்து மேடை மூடியிருக்கிறது என்று காட்டுவார். விளிம்பின் குறுக்கே பலகையை இழுத்துச் செல்வதும் தவறு. அதனால் பள்ளம் விழுந்தால், அடுத்தவர் எழும்பும் கோணம் மாறிவிடும்.

ஐந்தாவது, நிதானமாகச் செய். இரு கால்களும் பூட்டப்பட்டிருப்பதால் தடுமாறும்போது காலை எடுத்து வைத்துச் சமாளிக்க முடியாது. புதியவர்கள் கைகளை ஊன்றி விழுகிறார்கள். அதனால் மணிக்கட்டு முறிவு இவ்விளையாட்டில் மிகவும் பழகிய காயம். விரல்களை மடக்கி, முன்கைகளின் மேல் விழப் பழக வேண்டும். தலைக்கவசம் அவசியம். 2005-ல் இத்தாலி, 14 வயதுக்கு உட்பட்டோருக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் தலைக்கவசம் தலையைத்தான் காக்கும். கழுத்தையும் முதுகெலும்பையும் காக்காது.

விதி யாருக்கு?

இதுவரை கண்ட விதிகள் எல்லாம் விளையாடுபவருக்கானவை. மேடையைக் கட்டுபவருக்கு விதி வேண்டாமா?

2004-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மலை ஒன்றில், ஓர் இளைஞர் தாவுமேடையிலிருந்து எழும்பி, இறங்குசரிவைத் தாண்டிப் போய் விழுந்தார். கழுத்து முறிந்து, கைகால்கள் செயலிழந்தன. வழக்கு நடந்தது. பொறுப்பில் ஒரு பங்கு அந்த இளைஞருக்கும் உண்டு என்று கூறிய நடுவர் குழு, மேடையை அமைத்தவர்களும் பொறுப்பாளிகளே என்றது. 2007-ல் அவருக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பாயிற்று.

இக்கேள்வியை இயற்பியல் வழியாக ஆராய்ந்தவர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள்: கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பொறியியல் பேராசிரியர் மான்ட் ஹப்பர்ட், கொலராடோ சுரங்கவியல் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் மெக்நீல். அவர்கள் பயன்படுத்திய அளவுகோல் ‘சமான வீழ்ச்சி உயரம்’ என்பதாகும். தரையில் மோதும்போது உடலைத் தாக்குவது முழு வேகம் அன்று. தரைப்பரப்புக்குச் செங்குத்தான வேகக்கூறு மட்டுமே. அந்தக் கூறு எவ்வளவு உயரத்திலிருந்து நேராகக் குதித்தால் கிடைக்குமோ, அதுவே சமான வீழ்ச்சி உயரம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கிடையாக எழும்பி, 3 மீட்டர் கீழே இறங்குகிறார். கீழ்நோக்கிய வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 7.7 மீட்டர். சமதரையில் விழுந்தால் சமான உயரம் முழு 3 மீட்டர். அதாவது முதல் மாடியிலிருந்து குதித்ததற்குச் சமம். அதே மனிதர், அதே வேகத்தில், 30 பாகை சாய்ந்த சரிவில் இறங்குகிறார் எனக் கொள்வோம். அவருடைய பாதை கிடைத்தளத்தோடு ஏறக்குறைய 37.5 பாகை சாய்ந்திருக்கும். சரிவுக்கும் பாதைக்கும் இடையே 7.5 பாகைதான். செங்குத்துக் கூறு வினாடிக்கு 1.6 மீட்டர். சமான உயரம் 14 செ.மீ.! ஒரு படிக்கட்டின் உயரம்கூட இல்லை.

மேசை வடிவ மேடையின் குறை இப்போது விளங்கும். வேகம் குறைந்தால் மேசையின் சமதளத்தில் விழ வேண்டும். கூடினால் சரிவைத் தாண்டி அடிவாரச் சமதளத்தில் விழ வேண்டும். நடுவில் உள்ள சரிவு மட்டுமே பாதுகாப்பானது. எந்த வேகத்தில் வந்தாலும் சமான உயரம் குறிப்பிட்ட அளவைத் தாண்டாதவாறு இறங்குசரிவை வளைத்து அமைக்க முடியும் என்று அவ்விருவரும் கணக்கிட்டுக் காட்டினர். பனியும் மனிதரும் நாளுக்கு நாள் மாறுவதால் பொது அளவு வகுக்க இயலாது என்பது மலை நிறுவனங்கள் சொல்லிவந்த மறுப்பு. மாறுபாடுகளுக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் கணக்கிடலாம் என்பது அறிவியலாரின் விடை.

அப்படியானால் விளையாடுபவரின் விதிகள் தேவையற்றுப் போகுமா? போகா. எவ்வளவு நுட்பமாக வளைத்த சரிவும், தன்மேல் ஒருவர் விழுந்து கிடப்பதை மேலே நிற்பவருக்குச் சொல்லாது. அதை இன்னொரு மனிதர்தான் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். கட்டுபவரின் கணக்கும் விளையாடுபவரின் ஒழுக்கமும் ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்ப முடியாது.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: மேலே கண்ட கணக்கில் இறங்குசரிவின் சாய்வு 20 பாகை என்றால் சமான வீழ்ச்சி உயரம் எவ்வளவு? ஏறக்குறைய 73 செ.மீ. என்று விடை வந்தால் உங்கள் கணக்கு சரி. பத்துப் பாகை வேறுபாட்டில் தாக்குதல் ஐந்து மடங்குக்கு மேல் கூடிவிட்டதைக் கவனியுங்கள்.