அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் வெளிமாநில வழக்கறிஞர்: அனுமதி பெறுவது எப்படி?

இந்தியாவில் ஒரு மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்த வழக்கறிஞர் பொதுவாக நாடெங்கும் தொழில் செய்யலாம். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. 2011-ல்தான் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே குடியேறிய நம் குடும்பங்கள் பலருக்கு இது வழக்கு வந்த பிறகே தெரிகிறது.

அங்கு வழக்கறிஞர் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. ஃபெடரல் நீதிமன்றம் மத்திய அரசுடையதுதானே, எந்த மாநிலத்தவரும் வாதாடலாமே என்று தோன்றும். அப்படியல்ல. 94 ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி வழக்கறிஞர் பட்டியலும் தனி விதிகளும் உண்டு. பட்டியலில் இல்லாதவர் அந்த ஒரு வழக்குக்கு மட்டும் அனுமதி கேட்கலாம். இதற்கு 'ப்ரோ ஹாக் வீச்சே' என்று பெயர். 'இந்த ஒரு முறைக்கு' என்பது இந்த லத்தீன் சொற்றொடரின் பொருள்.

அவர் மனுத் தாக்கல் செய்து, தம் உரிமம் செல்லுபடியாக இருப்பதற்கான சான்றைக் காட்டி, கட்டணம் செலுத்த வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்ததா என்பதையும் பொதுவாகத் தெரிவிக்க வேண்டும். பல மாவட்டங்களில் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் உடன் இருப்பது கட்டாயம். அனுமதி நீதிபதியின் கையில் இருக்கிறது. ஒஹையோ மாநில நீதிமன்றம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், இப்படி ஆஜராவது வழக்கறிஞரின் அரசியலமைப்பு உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1979-ல் கூறிவிட்டது.

இது வெறும் காகிதச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். துருக்கி மாணவி ருமேய்சா ஓஸ்துர்க்கின் வழக்கைப் பாருங்கள். ஃபலஸ்தீன் தொடர்பான கட்டுரை ஒன்றை இணைந்து எழுதிய அவர், 2025 மார்ச் 25 அன்று மாசசூசெட்ஸில் கைது செய்யப்பட்டார். அன்றிரவே அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில் மனுப் போடப்பட்டது. அதற்குள் அவரை வெர்மான்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் லூசியானா. வழக்கு வெர்மான்ட் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, மே 9 அன்று அவர் விடுதலையானார். சிறைவைப்பை எதிர்க்கும் மனு பொதுவாக அடைத்து வைக்கப்பட்டுள்ள மாவட்டத்தில்தான் விசாரிக்கப்படும். ஆகவே காவலில் உள்ளவரை இடம் மாற்றினால், ஊரில் அமர்த்திய வழக்கறிஞர் புதிய நீதிமன்றத்தில் அனுமதி கேட்க நேரிடலாம்.

குடிவரவு நீதிமன்றங்கள் இதற்கு விலக்கு. அவை நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குபவை. எந்த மாநில உரிமம் பெற்றவரும் எங்கும் ஆஜராகலாம். நாடுகடத்தல் வழக்கை நடத்துபவர், அதே நபரின் ஃபெடரல் மாவட்ட நீதிமன்ற மனுவையும் தாமே நடத்த முடியும் என்று இதை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது.

எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: இந்த மாவட்டத்தின் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா? இல்லையென்றால் உள்ளூர் வழக்கறிஞர் யார், அவருடைய கட்டணம் தனியா? அனுமதி மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக வழக்கின் காலக்கெடு தானாக நீளாது. அதுவரை கையெழுத்திட்டுத் தாக்கல் செய்யப்போவது யார் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.