கொயினாவும் பாதியில் நிறுத்திய மாத்திரையும்

எங்கள் ஆம்பூர் பக்கம் பட்டை என்றாலே பெரியவர்களுக்கு ஆவாரம்பட்டைதான் ஞாபகம் வரும். தோல் பதனிட்டது அதில்தான். நான் சொல்ல வருவது இன்னொரு பட்டை, சின்கோனா.

கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த விதைகளையும் செடிகளையும் 1860-களில் நீலகிரியில் வளர்த்தவர் மெக்ஐவர். (நடுவட்டத்தில் சீனக் கைதிகளை வைத்து வேலை வாங்கியது தனிக்கதை.) அந்தப் பட்டையில் இருப்பதுதான் மலேரியாவுக்கான கொயினா. 1892 முதல் வங்காளத்தில் தபால் ஆபீசிலேயே காலணாவுக்கு ஒரு பொட்டலம் விற்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு பொட்டலத்தில் மலேரியா தீராது. நாள்கணக்கில் சாப்பிட வேண்டும். கசப்பு, காதில் இரைச்சல் வேறு. யார் முழுசாகச் சாப்பிடுவார்கள்?

இன்றும் அதே கதைதான். என் மாமாவுக்கு வந்தது வைவாக்ஸ் மலேரியா. குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள் என்று எழுதித் தந்தார்கள். காய்ச்சல் விட்டதும் மாமா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். ஈரலில் பதுங்கும் கிருமியைக் கொல்வது பிரைமாகுயின்தான். இரண்டே மாதத்தில் மறுபடி குளிர் நடுக்கம்.

அதற்காக அதை நாமே கடையில் வாங்கி விழுங்கவும் கூடாதுங்க. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆகாது. ஜி6பிடி என்சைம் குறைந்தவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். இரண்டாம் தடவை மாமா வெறும் வயிற்றில் போடாமல், 14 நாளும் காலண்டரில் கோடு போட்டுச் சாப்பிட்டார்.