அடங்கிய சிவப்பும் அடங்காத படையும்: சப்ரகமுவத் தோட்டங்களில் ஸ்டீரொயிட் கிறீம்

அரையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாய்ப் படர்ந்து அரிக்கும் பங்கசு நோயைத் தோட்டத்தில் படை என்பார்கள். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கொழுந்தெடுக்கும் பெண் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறாள். படங்குக்குள்ளே துணி மழையிலும் வியர்வையிலும் ஊறிக் கிடக்கிறது. லயத்துக் கொடியில் உலராத அந்தத் துணியையே மறுநாளும் உடுத்த வேண்டியிருக்கிறது. படை வேர்விட இவ்வளவு போதும்.

இந்தப் படையில் பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசோலோ என்ற ஸ்டீரொயிட் கலந்த கிறீமைப் பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு வெளிறும். அந்த ஆறுதல்தான் தீங்கை மறைக்கும் திரை என்பது என் வாதம்.

ஸ்டீரொயிட் தோலின் நுண்ணிரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. 1962இல் மெக்கென்சியும் ஸ்டோட்டனும் இந்த வெளிறலையே அளவுகோலாக்கி, எந்த மருந்து எவ்வளவு வீரியமானது என்று கணித்தார்கள். அழற்சி அடங்கும்போது அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியும் அடங்குகிறது. பங்கசு தடையின்றி வளர்கிறது. ஆனால் படைக்கே உரிய சிவந்த விளிம்பு மங்கிவிடுவதால், பழகிய கண்ணுக்கும் அது பிடிபடுவதில்லை. ஐவ்வும் மார்க்ஸும் 1968இல் இதற்கு ‘மாறுவேடப் படை’ என்று பொருள்படும் பெயரிட்டார்கள். கிறீமை நிறுத்தியதும் படை முன்னிலும் அகலமாய்ச் சிவந்து எழுகிறது. பூசியபோது சுகம், விட்டபோது வருத்தம் என்று கண்டவர் மறுபடி அதையே வாங்குகிறார். தன் உடம்பில் கண்டதை நம்பியவரை அறியாதவர் என்று எப்படிச் சொல்வது?

மாதக்கணக்கில் பூசினால் கொலாஜன் உற்பத்தி குறைந்து தோல் மெலிகிறது. தொடையிடுக்கில் விழும் வரித்தழும்புகள் பிறகு மறைவதில்லை. பூசும் இடமும் முக்கியம்: முன்கையின் உட்புறம் உறிஞ்சுவதை 1 என்று கொண்டால் நெற்றி 6 மடங்கும் விதைப்பை 42 மடங்கும் உறிஞ்சுவதாக 1967இல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் அளந்தார்கள். எட்டியாந்தோட்டைப் பக்கம் றப்பர் பால்வெட்டும் ஆண் அரையிடுக்குப் படைக்கு இந்தக் கிறீமைப் பூசும்போது நிகழ்வதை இந்த எண்களே சொல்லும். நிறம் வெளுக்க முகத்தில் பூசும் இளம்பெண்ணுக்கோ பருக்களும் இரத்தக்குழாய்க் கோடுகளும் மிஞ்சுகின்றன.

மருந்தின்மேல் பகையில்லை. 1952இல் ஹைட்ரோகோட்டிசோன் தோலுக்குப் பயன்பட்டது முதல் எக்ஸிமாக்காரர்கள் பலர் இரவில் தூங்கியிருக்கிறார்கள். நோயறியாமல் பூசுவதே கேடு.

நோயறிவதற்கோ ஒரு நாள் வேண்டும். வைத்தியரைத் தேடி இறக்குவானைக்கோ பலாங்கொடைக்கோ இறங்கினால் அன்றைய பேர் விழாது, நாட்சம்பளம் போய்விடும். பஸ் காசு தனி. கடையில் வாங்கும் சிறு டியூப் அந்த இழப்பைத் தவிர்க்கிறது. அதனால் ‘பூசாதே’ என்று சுவரொட்டி ஒட்டுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். படையின் விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் ஒரு சொட்டு விட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கிளைவிடும் பங்கசு இழைகள் தெரியும். இந்தச் சோதனை தோட்டத்து மருந்துக்கூடத்துக்கே வரவேண்டும், அதுவும் கொழுந்து நிறுத்து முடிந்த மாலையில். பங்கசு தெரிந்தால் டேர்பினபீன் போன்ற மருந்தை அங்கேயே கொடுக்கவேண்டும்; ஒரே காம்பராவில் படுப்பவர்களையும் அன்றே பார்க்கவேண்டும்.