லாக் புத்தகமும் கால்குலேட்டரும்

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பரீட்சையில் லாக் புத்தகத்துக்குக் கை தூக்கியது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரிக்கு வந்ததும் கையில் கால்குலேட்டர். இனி பக்கம் புரட்ட வேண்டாம் என்று ஒரே சந்தோஷம்!

மடக்கை எனப்படும் லாக்கை 1614-ல் வெளியிட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர். பெருக்கலைக் கூட்டலாக்கும் வித்தை அது. ஹென்றி பிரிக்ஸ் அதைப் பத்தின் அடுக்குக்கு மாற்றி, 1624-ல் 14 தசம இடங்களுக்கு அட்டவணை போட்டார். கெமிஸ்ட்ரியில் அது பி.எச். ஆனது 1909-ல். கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்த சோரன்சன் செய்த வேலை. ஹைட்ரஜன் அயனிச் செறிவு 0.00002 என்பதற்குப் பதில் 4.7 என்றால் போதும். 1972-ல் எச்.பி.-35 என்ற சயின்டிஃபிக் கால்குலேட்டர் சட்டைப் பைக்கு வந்தது. ஸ்லைடு ரூலும் அட்டவணையும் ஓரம் கட்டப்பட்டன.

ஆனால் கூடவே ஒரு பழக்கமும் போயிற்று. லாக் புத்தகம் 2-க்கு 0.3010 என்று மட்டுமே சொல்லும். பத்தின் அடுக்கு −5 என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். 5-ல் 0.3010 போனால் 4.699. பழைய கால்குலேட்டரில் அடைப்புக்குறி போடாமல், லாக் 2 பெருக்கல் பத்தின் அடுக்கு −5 என்று தட்டினால் 0.00000301 என்று காட்டும். அதையும் அப்படியே எழுதி வைத்தவர்கள் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலைக்குப் போனேன். குச்சிக்கிழங்குப் பால் புளித்த கழிவுநீர். பி.எச். 4. வெளியே விட 5.5-லிருந்து 9-க்குள் இருக்க வேண்டும். "ஒன்றரைதானே வித்தியாசம், கொஞ்சம் சுண்ணாம்பு போதும்" என்றேன். தொட்டி மசியவே இல்லை.

அங்கிருந்த வயதான கெமிஸ்ட் சிரித்தார். "ஒன்றரை இல்லீங்க தம்பி, முப்பத்திரண்டு மடங்குங்க. அரைக்கு ஆன்ட்டிலாக் 3.162, ஒண்ணுக்குப் பத்து. அது போக, புளிச்ச அமிலம் வேற சுண்ணாம்பைத் தின்னும்." கால்குலேட்டர் என் பையில் இருந்தது, கணக்கு அவர் வாயில் இருந்தது.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளே, நீட் தேர்வில் கால்குலேட்டரும் இல்லை, லாக் புத்தகமும் இல்லை. 2-க்கு 0.3010, 3-க்கு 0.4771. இந்த இரண்டை மனதில் வையுங்கள். விடை எந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும் என்று முதலில் சொல்லிப் பாருங்கள். பட்டனை அப்புறம் தட்டலாம்.